பேராசிரியரும் படங்கும்

சென்ற கிழமை அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். பல்கலைக்கழகத் தாபனக் கிளையில் நான் முப்பத்தொரு வருடம் தேய்த்த கதிரையில் இப்போது இருப்பவள். ஓய்வுபெற்ற கிளாக்கருக்கு அழைப்பு வந்தால் ஒன்று சாவுச் செய்தி, அல்லது காணாமல்போன கோப்பு. இரண்டுக்கும் தயாராகத்தான் எடுத்தேன்.

“ஐயா, ஒழுக்க மெய்யியல் கோப்பில ஒரு உறுதிப் பத்திரம் இரிக்கி. ‘களவெட்டி’ எண்ட சொல்ல வெட்டிப்போட்டு மேல ‘படங்கு’ எண்டு எழுதி, பக்கத்தில ரெண்டு சுருக்கொப்பம். ஆர்ட ஐயா அது?”

“ஒண்டு என்ட” என்றேன்.

“மத்தது?”

“அது பெரிய கதை, பிள்ள.”

“அதுக்குப் பிறகு வருசா வருசம் அப்படித்தான் கையால வெட்டி வெட்டி வெச்சிரிக்கி. படிவத்தயே ‘படங்கு’ எண்டு புதுசா அச்சடிச்சா என்ன, ஐயா?”

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு பக்கத்தில் முடிக்க நினைத்தேன். ஆனால் நான் கோப்புக்குள் வளர்ந்தவன், ஆரம்பத்தை விட்டு எழுத வராது.

எங்கள் பல்கலைக்கழகத்தின் கைநூலில் இந்தப் பேராசிரியர் பதவி பற்றி ஒரு பந்தி உண்டு. அறநெறியில் ஆழ்ந்த நாட்டம் கொண்ட கொடையாளர் ஒருவர், இளைய சமுதாயத்தின் ஒழுக்க மேம்பாடு கருதி வழங்கிய நன்கொடை என்று அது சொல்லும். கைநூலை எழுதியவர் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. கோப்பில் முதல் தாள் கொடையாளரின் கடிதம். அவர் வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்தில் பெரிய வயல் வட்டை ஒன்றில் பாதியை வைத்திருந்த போடியார், பெரிய நிலக்காரர். வரம்புத் தகராறு ஒன்றில் நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்லி வென்றிருக்கிறார். வென்ற நாளிலிருந்து நித்திரை இல்லையாம். பக்கத்துக் காணிக்காரர் அதற்குள் செத்துப்போனார், பிள்ளைகளும் இல்லை, திருப்பிக் கொடுக்க ஆளில்லை. கடைசியில் போடியார் எழுதுகிறார்: “நல்லது கெட்டது யோசிக்க வேண்டும் என்று விளங்குகிறது. எனக்கு வேளாண்மை வேலை கிடக்கிறது, நேரமில்லை. ஆகையால் யோசிப்பதற்குச் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைக்கவும்.”

இவ்வளவுதான் அந்தப் பதவியின் வரலாறு. அந்த ஆளுக்குத்தான் நாங்கள் பிறகு ஒழுக்க மெய்யியல் பேராசிரியர் என்று பெயர் வைத்தோம்.

சம்பளத்துக்கு வைத்த ஆள் வேலை செய்கிறாரா என்று பார்க்காமல் விடுகிற போடியார் இல்லை. வழக்கில் வென்ற காணியைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்த நொத்தாரிசு உறுதியில் நிபந்தனை போட்டார். பெரும்போக வெள்ளாமை வெட்டிச் சூடடிக்கும்போது பேராசிரியர் அந்த வட்டைக்குப் போகவேண்டும். களவெட்டியில், அதாவது கதிரடிக்கும் களத்தில் நின்று, அங்குள்ளவர்களில் யாராவது கேட்கும் ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லவேண்டும். களவெட்டி முறை தவறக்கூடாது. நடந்தது என்று பேராசிரியரும் வட்டை விதானையாரும் வருடா வருடம் ஒரு உறுதிப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். விதானையார் என்றால் அந்த வட்டையின் தண்ணீரையும் வேலையையும் முறைப்படுத்த, அங்கு வயல் செய்யும் கமக்காரர் தெரிவு செய்கிற ஆள். ஒரு வருடம் தவறி, போடியாரின் வாரிசு எழுத்தில் ஆட்சேபித்தால் காணி வாரிசுக்குத் திரும்பும், பேராசிரியர் பதவி இல்லாமல் போகும்.

களவெட்டி முறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கதிரடிக்கிற களத்தில் சில சொற்கள் வாயில் வரக்கூடாது. ‘இல்லை’ கூடாது. ‘குறைவு’ கூடாது. ‘போதும்’, ‘முடிஞ்சுது’ கூடவே கூடாது. நெற்பொலி குறைந்துவிடும் என்பது நம்பிக்கை. தண்ணீர்க் குடம் காலி என்றால் ‘தண்ணி வரவேணும்’ என்றுதான் சொல்லவேண்டும். சாதாரண ஆளுக்கே அது சிரமம். ‘கூடாது’, ‘இல்லை’ என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஒழுக்க மெய்யியல் பேராசிரியரின் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

முதலாவது பேராசிரியர் பெரிய அறிஞர். சண்டைக் காலம் அது. வலையிறவுப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில், எங்கே போகிறீர்கள் என்று சிப்பாய் கேட்டான். இவரிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று நான் பேராசிரியரைக் காட்டினேன். அவன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரக்கத்தோடு போகவிட்டான். அன்றைக்குக் கேட்ட கேள்வி: மாடு வரம்பு தாண்டி மேய்ந்தால் பிழை மாட்டிலா, மாட்டுக்காரனிலா? அவர் கிரேக்கத்திலிருந்து தொடங்கினார். அவர் மாட்டுக்கு வருவதற்குள் இரண்டு பேர் வைக்கோலில் படுத்துவிட்டார்கள். விதானையார் ஒப்பமிட்டுத் தந்துவிட்டு, “கிளாக்கர், மறுமொழி பெரிசாத்தான் இரிந்த” என்றார்.

இரண்டாமவருக்குக் களவெட்டி பிறந்த வீடு மாதிரி. அவர் வாழ்நாளில் எந்தக் கூட்டத்திலும் எவருக்கும் ‘இல்லை’ சொன்னதில்லை. ஒரே நாளில் இரண்டு விரிவுரையாளருக்கு ஒரே அறையைக் கொடுத்தவர் அவர். களத்தில் நின்று, “அப்படியும் பாக்கலாம், இப்படியும் பாக்கலாம்” என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் வேலையைச் சுலபமாக்கிக்கொண்டேன். கேள்வியை முதல் நாளே நான் எழுதி விதானையாரிடம் கொடுத்துவிடுவேன், அவர் அதைக் கேட்பார். உழைப்பு பெரிதா அறிவு பெரிதா என்ற மாதிரி, ஒருவருக்கும் நோகாத கேள்வி.

அவருடைய காலத்தில்தான் வட்டைக்கு அறுவடை மெஷின் வந்தது. வெட்டி, அடித்து, நெல்லைச் சாக்குக்குள் கொட்டிவிட்டு ஒரு காலைப்பொழுதில் போய்விடும். கமக்காரருக்கு முதுகு தப்பியது, நல்ல விஷயம். ஆனால் அடிக்கக் கதிர்ச் சூடும் இல்லை, களவெட்டியும் இல்லை. உறுதிப் பத்திரத்தில் ‘களவெட்டியில் சமூகமளித்து’ என்று அச்சடித்துக் கிடக்கிறது.

எனக்கு மூளை வேலை செய்தது. பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒரு பச்சைப் படங்கு இருந்தது, லொறிக்கு மூடுகிற தார்ப்பாய். அதை வாங்கிக்கொண்டு போய் வெட்டின வயலில் விரித்தேன். விதானையார் நாலு கதிர்க் கட்டைக் கையால் அறுப்பித்துப் போட்டார், ஒரு கும்பம் வைத்தார், சாம்பிராணி கொளுத்தினார். “இனிக் களவெட்டிதான், கிளாக்கர்” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆறு வருடம் அந்தப் படங்கில் ஒழுக்க மெய்யியல் நடந்தது.

இந்த இடத்தில் என் மேலதிகாரியைச் சொல்லவேண்டும். எங்கள் சிரேஷ்ட உதவிப் பதிவாளர், நாங்கள் மேடம் என்போம். மெல்லிய ஆள், குரலும் மெல்லியது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்தக் கோப்பைக் கொண்டுபோனாலும் திறக்கமாட்டார். மூடியபடி வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்பார்: “நீங்க கண்டதா, கேட்டதா?”

கண்டது என்றால் கண்டது. தண்ணீர்த் தாங்கி ஒழுகுகிறது என்று நான் ஒருமுறை குறிப்பு எழுத, “கண்டதா?” என்றார். காவலாளி சொன்னான் என்றேன். சேலையைச் செருகிக்கொண்டு தாங்கியின் ஏணியில் தானே ஏறிவிட்டார். கீழே நின்று நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கிவந்து பச்சைப் பேனாவால் ‘கண்டேன்’ என்று எழுதினார். காணாததற்கு ‘கேட்டேன்’ என்று எழுதுவார். மூன்றாவது சொல் அவர் பேனாவில் வந்ததில்லை. இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். எந்தத் தாளிலும் ஒரு சொல்லை வெட்டினால் பக்கத்தில் இரண்டு சுருக்கொப்பம் வேண்டும், வெட்டியவருடையதும் கண்டவருடையதும்.

அந்த ஆறு வருடமும் உறுதிப் பத்திரத்தைக் கொண்டுபோய் நிற்பேன். உள்ளங்கை கோப்பின்மேல் இருக்கும். “நீங்க கண்ட களவெட்டியா?” என்பார். “ஓம், மேடம்” என்பேன். அரசாங்க உத்தியோகத்தில் நான் படித்த முதல் பாடம், மேலதிகாரிக்கு ‘இல்லை’ சொல்லக்கூடாது என்பது. என் வாய் எப்போதும் களவெட்டியில்தான் இருந்தது.

நான் ஓய்வுபெற நாலு மாதம் இருக்கும்போது மூன்றாவது பேராசிரியர் வந்தார். பேராசிரியர் தேவராசா, கல்லடிப் பக்கத்து ஆள், நாற்பதைத் தாண்டியவர். பகிடி சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிப்பார். வட்டைக்குப் போகிற வான் வண்டியில் அவருக்குக் களவெட்டி முறையைச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லக்கூடாத சொற்களை ஒரு துண்டில் எழுதி, மனப்பாடம் செய்தார்.

“சரி, சேர். சோதினை. இன்னும் ஒரு தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”

“இல்ல, போதும்.”

“ரெண்டும் பிழை, சேர்.”

அவர் யோசித்தார். பாலம் தாண்டும்போது சிரித்தார். “இப்ப வயிறு நிறைஞ்சிரிக்கி எண்டு சொல்லோணும், என?” என்றார். நல்ல மாணவன் என்று நினைத்துக்கொண்டேன்.

வயலில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. படங்கு விரித்திருந்தது. விதானையாரின் சட்டைப் பையில் நான் கொடுத்த கேள்வி இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் குணசீலன், போடியாரின் பேரன். அந்தக் காணியைப் பல்கலைக்கழகத்திடம் குத்தகைக்கு எடுத்துச் செய்பவரும் அவர்தான், உறுதி சொல்கிற வாரிசும் அவர்தான். அதிகம் பேசாத மனிதர். ஆறு வருடமும் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

பேராசிரியர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படங்கில் ஏறினார். விதானையார் பைக்குள் கைவிட்டார். அதற்குள் குணசீலன் கையை உயர்த்தினார்.

“நான் ஒண்டு கேக்கலாமா, சேர்?”

யாரும் கேட்கலாம் என்றுதான் உறுதியில் இருக்கிறது. விதானையார் என்னைப் பார்த்தார், நான் கும்பத்தைப் பார்த்தேன்.

“இது களவெட்டியா, சேர்?”

ஓம் என்றால் பொய். படங்கின் மூலையில் வெள்ளைப் பெயின்றில் ‘களஞ்சியத்துக்குரியது’ என்று களஞ்சியக்காரர் எழுதியது கிடக்கிறது. ‘இல்லை’ என்றால் இந்த வருடம் களவெட்டி நடக்கவில்லை என்று ஆயிற்று. வாரிசு ஒரு கடிதம் போட்டால் காணி போகும், பதவி போகும், வந்து இரண்டு மாதம் ஆகாத இந்த மனிதனின் வேலை போகும். அதுவும் களவெட்டியில் நின்று ‘இல்லை’ சொன்னால் முறை தவறியது வேறு. நான் பின்னால் நின்று, “ஓம் எண்டுங்க, சேர்” என்று மெதுவாகச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னேன்.

பேராசிரியர் தேவராசா யோசித்தார். மெஷின் தூரத்தில் அடுத்த வயலைத் தின்றுகொண்டிருந்தது. பிறகு அவர் படங்கிலிருந்து இறங்கினார். சப்பாத்தைப் போடவில்லை. வெட்டின நெல்லுத் தாள்கட்டை காலில் குத்தக் குத்த, ஒரு காலைத் தூக்கி மறு காலை வைத்து, வரம்பு வரை நடந்து, வரம்பையும் தாண்டி அங்கால் வயலில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்லை” என்றார்.

குணசீலன் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். விதானையார்தான் வாய் திறந்தார்.

“கேள்விக்கு மறுமொழி வந்த. சொல்லக்கூடாத சொல்ல உள்ளுக்க நிண்டு சொல்லாம வெளிய போய்ச் சொன்னவர். முறையும் தவறல்ல. கொண்டாங்க பேனைய.”

அவர் ஒப்பமிட்டார். பேராசிரியரிடம் தாளை நீட்டினேன். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“களவெட்டியில எண்டு கிடக்கே, ஐயா. இப்பதானே இல்லை எண்டு சொல்லிப்போட்டு வாறன்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. உள்ளங்காலில் இரத்தம் கசிந்து நிற்கிற மனிதனிடம் நான் ஆறு வருடப் பழக்கத்தில் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அச்சடித்த படிவத்தில் கை வைப்பது எங்கள் அலுவலகத்தில் பெரிய குற்றம். ‘களவெட்டியில்’ என்பதை வெட்டினேன். மேலே ‘படங்கில்’ என்று எழுதினேன். பக்கத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டேன். பேராசிரியர் ஒப்பமிட்டார்.

புறப்படும்போது குணசீலனிடம் போனேன். “தம்பி, கடிதம் போடுவீங்களா?”

“பாப்பம், ஐயா. நீங்க படங்கு விரிக்கக்குள்ள ஒவ்வொரு வருசமும் பாத்தனான். என்ட அப்பப்பா பொய் சொன்ன காணியில இன்னொரு பொய் எண்டு நினைச்சனான். கேக்க இந்த வருசம்தான் மனம் வந்த” என்றார்.

அடுத்த நாள் காலையில் மேடத்தின் மேசைக்கு முன்னால் நின்றேன். உள்ளங்கை கோப்பின்மேல் வந்தது. கண்ணாடி இறங்கியது.

“நீங்க கண்ட களவெட்டியா?”

“இல்லை, மேடம்.”

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே விசித்திரமாக இருந்தது. வந்தபிறகு நிறுத்த முடியவில்லை. முந்திய ஆறும் இல்லை, படங்குதான், கேள்விகளும் நான் எழுதியவை என்று கொட்டிவிட்டேன். ஓய்வூதியம் போய்விடும் என்ற பயமும் இருந்தது.

அவர் முதல்முறையாக என் முன்னால் கோப்பைத் திறந்தார். பழைய ஆறு பத்திரங்களையும் புரட்டிக் காட்டினார். ஆறிலும் பச்சை மையில் ‘கேட்டேன்’. நான் அதைக் கவனித்ததே இல்லை.

“ஒண்டிலயும் ‘கண்டேன்’ எண்டு எழுத எனக்குக் கை வரல்ல” என்றார். “ஆனா நானும் சுத்தமில்ல. களஞ்சியத்தில படங்கு கேட்டு நீங்க எழுதின கடிதம் ஆறிலயும் ஒப்பம் வெச்சது நான்தானே. களவெட்டிக்குப் படங்கு என்னத்துக்கு எண்டு நான் கேக்கல்ல. கேட்டா நீங்க சொல்லிப்போடுவீங்க எண்டு பயம்.”

பிறகு படங்கைக் கொண்டுவரச் சொன்னார். தாபனக் கிளை விறாந்தையில் அதை நீட்டி விரித்தோம். வைக்கோல் கொட்டியது, ஒரு தத்துவெட்டிப் பூச்சி துள்ளியது, அலுவலகம் முழுக்க எட்டிப் பார்த்தது. மேடம் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நடுவில் இருந்த ஓட்டையைக் குனிந்து விரலால் தொட்டார். மேசைக்கு வந்து என் வெட்டுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, ‘கண்டேன்’ என்று எழுதினார். பிள்ளை கேட்ட இரண்டாவது சுருக்கொப்பம் அதுதான்.

அதோடு விடவில்லை. ஆறு வருடமும் படங்கே என்று ஒரு குறிப்பு எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். அதன் பிரதியை வாரிசுக்கு அனுப்பவேண்டும் என்றார். “அனுப்பினா காணி போகும், மேடம்” என்றேன். “போனா அதையும் எழுதுவம்” என்றார். நானே தட்டச்சு செய்து, நானே தபாலில் போட்டேன்.

பிறகு பொறுத்திருந்ததுதான் கடினம். பேராசிரியர் தேவராசா ஒவ்வொரு நாளும் வந்து, தபால் வந்ததா என்று கேட்கமாட்டார். வாசலில் நின்று வெயில் எப்படி என்று கேட்பார். வாடகை வீட்டுக்குத் தளபாடம் வாங்குவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. நான் ஓய்வுபெறுவதற்கு மூன்று நாள் முன்னால் கடிதம் வந்தது. கொப்பியில் கிழித்த அரைத் தாள். அதைக் கோப்பில் கோர்த்தது என் கடைசி வேலை, ஆகையால் மனப்பாடம்.

“உங்கள் கடிதம் கிடைத்தது. ஆறு வருடத்தையும் நீங்களே சொன்னதால் நான் சொல்ல ஒன்றுமில்லை. காணியை எடுத்தால் யோசிக்கிற வேலையும் எனக்கு வரும். எனக்கு வேளாண்மை வேலை கிடக்கிறது, நேரமில்லை. இப்போது வைத்திருக்கிற ஆள் நன்றாகத்தான் வேலை செய்கிறார், அவரே இருக்கட்டும். காலில் புண் மாறிவிட்டதா என்று கேட்கவும். அடுத்த வருடம் படங்கை நான் கொண்டுவருகிறேன். உங்களுடையது ஓட்டை.”

மேடம் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்குத் துடைக்கக் கண்ணாடியும் இல்லை.

ஆகவே பிள்ளை, படிவத்தைப் புதிதாக அச்சடிக்கலாமா என்று கேட்டாய். முன்பென்றால் ஓம் என்றிருப்பேன். இல்லை. அச்சடித்துவிட்டால் ஒருவரும் வயலைப் பார்க்கமாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை நீயே போய்ப் பார், பார்த்ததை எழுது, மற்றதைக் கையால் வெட்டு. பக்கத்தில் உன் சுருக்கொப்பத்தைப் போடு. போகும்போது பேராசிரியரைச் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல், தாள்கட்டை இன்னும் குத்தும்.